மரை வெட்டியவன் கீழே நிற்க வேண்டும்

இரண்டு கைகள் குழாயின் வாயைத் தடவிக்கொண்டிருந்தன. வலக்கையில் ஐந்து விரல், இடக்கையில் மூன்று. அந்த மூன்றில் பெருவிரலின் நகம் மட்டும் வெட்டாமல் நீட்டி விடப்பட்டிருந்தது. நகத்தைக் குழாய் வாயில் திருகாக ஓடும் மரையின் பள்ளத்தில் பதித்துக் குழாயை மெல்லச் சுழற்ற, நகம் பள்ளத்தோடு பள்ளமாக ஏறி வந்தது. எங்கேயாவது பிசிறு இருந்தால் நகம் நிற்கும். ஓரிடத்தில் நின்றது. கை அரத்தை எடுத்தது. இரண்டே இழுப்பு, மூன்றாவது இல்லை. கந்தலால் துடைத்துவிட்டு மறுபடி நகத்தை ஓட்டியது. இந்த முறை எங்கும் நிற்கவில்லை.

பிறகு அந்தக் கைகள் மரைக்கட்டையைத் தூக்கி அடுத்த குழாயின் வாயில் மாட்டின. கட்டைக்குள் நாலு எஃகுப் பல். இருபுறமும் முழ நீளத்துக்குக் கைப்பிடி. முன்னால் கால் சுற்று, பின்னால் அதில் பாதி, விளக்கெண்ணெய் ஒரு சொட்டு. மறுபடி முன்னால் கால் சுற்று. இரும்பு சுருள் சுருளாக உரிந்து புளியமரத்தடி மண்ணில் விழுந்தது. அவசரப்பட்டால் பல் முறியும். எண்ணெய்க்குக் கஞ்சத்தனம் காட்டினால் மரை கிழியும். கைகளுக்கு இது தெரியும், யோசிக்க வேண்டியதில்லை.

வரப்பில் நின்று பார்த்தவர்கள் வேலையின் சுத்தத்தை மெச்சினார்கள். அன்று வெட்டிய மரை பொய் மரை என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நல்ல மரை வெட்டுவதைவிடப் பொய் மரை வெட்டத்தான் மெனக்கெட வேண்டும்.

வெட்டியவன் பெயர் ஒச்சாண்டி. தேவாரத்துக்குத் தெற்கே, பெரியாற்றுத் தண்ணீர் ஏறாத மேட்டுக்காட்டு ஊர்க்காரன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் வருஷம் பங்குனி மாதம் அது. அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. குழாய்கள் அவன் மச்சினன் வீரபாண்டியுடையவை. மேகமலையில் மூடிக்கிடந்த ஒரு எஸ்டேட்டிலிருந்து கழற்றி, சின்னமனூர் வரை ஆள் சுமையாகவும் அங்கிருந்து வண்டியிலும் கொண்டுவந்திருந்தான். சண்டைக் காலத்தில் இரும்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. பன்னிரண்டு குழாய், ஒவ்வொன்றும் பதினாறு அடி. பழைய மரையெல்லாம் துருவில் போய்விட்டது. அறுத்துப் புது மரை வெட்ட வேண்டும். அந்த வட்டாரத்தில் குழாய்க்கு மரை வெட்டத் தெரிந்த கை ஒச்சாண்டியின் கை ஒன்றுதான்.

அந்தக் கை அதை பர்மாவில் கற்றது. முப்பது வயதில் மனைவி கருத்தம்மாளோடு ரங்கூனுக்குக் கப்பல் ஏறி, அங்கிருந்து ஆற்றுவழியே ஏனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போய்ச் சேர்ந்தான். ஐந்து வருஷம் குழாய் சுமந்தான். எண்ணெய்க் கிணறு நம் கிணறு போல் இறங்கிக் குளிக்கிற கிணறு அல்ல. பூமியில் ஆயிரத்தைந்நூறு அடிக்கு ஒரு துளை. அதன் சுவர் சரியாமல் தாங்க ஒரு பெரிய குழாய். அதற்குள்ளே இரண்டரை அங்குலத்தில் இன்னொரு குழாய் இறங்கும். எண்ணெய் மேலே வருவது அதன் வழியாகத்தான். எழுபது எண்பது குழாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும். அத்தனை பாரமும் கடைசியில் மேல் குழாயின் மரையில் வந்து நிற்கும். அங்குலத்துக்கு எட்டு மரை, நுனி போகப் போகச் சரிவு. ஒரு மயிரிழை பிசகினாலும் எண்ணெய் பிறகு, முதலில் வாயு வெளியே வரும்.

ஒச்சாண்டிக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குழாய் சுமந்த நேரம் போக, ஒதுக்கிப்போட்ட துண்டுகளை எடுத்து நகத்தால் தடவித் தடவிப் பார்த்தான். நல்ல மரை எது, கழித்த மரை எது என்று நகம் முதலில் படித்தது. அதற்குப் பிறகுதான் கை படித்தது. ஆறாம் வருஷம் அவனை மரைக் கொட்டகையில் சேர்த்தார்கள்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. மரை வெட்டியவனே கிணற்று வாயில், தொங்கும் குழாய்க்குக் கீழே நிற்க வேண்டும். துரைமார் போட்ட சட்டம் அல்ல. ஒருவன் வெட்டிய மோசமான மரையால் இன்னொருவன் செத்த பிறகு கூலிக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்டது. ஒச்சாண்டியின் இரண்டு விரல் போனதும் அப்படித்தான். மரை வழுக்கி, குழாய் சரிந்து, குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிடுக்கிக்குள் விரல் மாட்டியது. அந்த மரை அவனே வெட்டியது. அன்றைக்கு எண்ணெய் விடச் சோம்பல்பட்டிருந்தான். யாரையும் கோபித்துக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. அதன்பிறகு அவன் வெட்டிய மரை ஒன்றுகூட வழுக்கவில்லை.

அந்தச் சம்பளத்தில் ஊரில் ஒரு கிணறோடு மூன்று ஏக்கர் வாங்கிப்போட்டான். மகள் அய்யம்மாளை ஆறு வயதில் தாய்மாமன் வீரபாண்டியிடம் விட்டிருந்தான். சண்டை வந்து குண்டு விழத் தொடங்கியதும், நாற்பத்திரண்டில், கிணறுகள் எதிரி கையில் சிக்காதபடி மூட உத்தரவு வந்தது. பதினைந்து வருஷம் இறக்கிய குழாய்களை அறுத்துக் கிணற்றுக்குள்ளேயே தள்ளினார்கள். ஒச்சாண்டி மரைக்கட்டையின் நாலு பல்லை மட்டும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, கருத்தம்மாளோடு, ஊர் திரும்பும் ஜனத்தோடு ஜனமாக நடந்தான். புரோமுக்கு மேற்கே தண்ணீரில்லாத மலைப்பாதை. மூன்றாம் நாள் அவளுக்குப் பேதி கண்டது.

அவன் கையில் ஒரு தகர டப்பாவில் அரை டப்பாத் தண்ணீர் இருந்தது. கூட வந்த கம்பவுண்டர் ஒருவர், காலரா கண்டவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் செத்துப்போவாள், கொடுக்காதே என்றார். உச்சிப்பொழுதில் கேட்க ஆரம்பித்தவள் வெயில் இறங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கொடுக்கவில்லை. அவள் செத்தாள். அவள் கண்ணை மூடிவிட்டு, அந்தத் தண்ணீரை அவன் குடித்தான். குடிக்காவிட்டால் அவனும் அங்கேயே கிடந்திருப்பான்.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் வீரபாண்டி, தங்கச்சி எப்படிச் செத்தாள் என்று கேட்டான். வேறு ஒருவனாக இருந்தால், காய்ச்சலில் போய்விட்டாள், கடைசியில் உன் பேரைத்தான் சொன்னாள் என்று ஏதாவது சொல்லியிருப்பான். அந்தப் பொய் யாருக்கும் கெடுதல் செய்திருக்காது. ஒச்சாண்டி அளவு பிசகாமல் சொன்னான். டப்பாவில் எவ்வளவு இருந்தது, எந்தப் பொழுதில் கேட்டாள், எப்போது கேட்பதை நிறுத்தினாள், பிறகு யார் குடித்தது. வீரபாண்டி கேட்டுவிட்டு எழுந்தான். சோறு போட்டான். மறுநாள் பங்காளிகளையெல்லாம் கூட்டி உட்கார வைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். ஒச்சாண்டி முதல்நாள் சொன்னதில் ஒரு சொல் கூடாமல் குறையாமல் மறுபடியும் சொன்னான்.

அன்றிலிருந்து அந்த ஊரில் அவன் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. தண்ணி குடுக்காதவன் என்று அவனுக்குப் பேராயிற்று.

அவனுக்கு என்று மிஞ்சியது மகளும் கிணறும்தான். அய்யம்மாளுக்கு வீரபாண்டிதான் கல்யாணம் செய்துவைத்தான். மாப்பிள்ளை சுருளிவேல் கம்பத்துப் பக்கத்துப் பையன், சொத்து இல்லாதவன். நிலம் ஒச்சாண்டியுடையது என்பதால் மகளும் மருமகனும் அவனோடு வந்து இருந்தார்கள். முப்பது சென்டில் அய்யம்மாள் வெற்றிலைக் கொடிக்கால் போட்டிருந்தாள். வெற்றிலைக்கொடி கைக்குழந்தை மாதிரி, மூன்று நாள் தண்ணீர் தப்பினால் முகம் வாடிவிடும். அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்தபோதும் ஒச்சாண்டியின் கிணறு மட்டும் காலையில் ஒரு கமலை, சாயங்காலம் ஒரு கமலை என்று கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் இருக்கும்வரை மகள் அவன் வீட்டில் இருப்பாள். அவனுக்குச் சோறு போடவும், பேச்சு வேண்டாம், எதிரே நடமாடவும் ஒரு ஆள் இருக்கும்.

வரப்புக்கு அந்தப்பக்கம் வீரபாண்டியின் கிணறு, முப்பத்தைந்து அடி ஆழம். அதன் அடியில் சர்க்கார் துளைபோடும் ஆட்களை வைத்து இன்னும் நூற்றெண்பது அடி துளைத்தான். அடியில் நைஸ் மணலும் அதற்குள் தண்ணீரும் அகப்பட்டன. ஓட்டம் பார்க்க இரண்டு நாள் இறைத்தார்கள். அந்த இரண்டு நாளில் ஒச்சாண்டி கிணற்றில் புதிதாக மூன்று படி வெளியே தெரிந்தது. அவன் நின்று எண்ணிப் பார்த்தான். துளைக்குள் குழாய் இறங்கி, மேலே எண்ணெய் எஞ்சினும் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஊரில் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அப்படியிருக்க, மரை வெட்டித்தர வேண்டும் என்று வீரபாண்டி வந்து கேட்டதும் ஒச்சாண்டி சரி என்றான். ஊர் அதிசயப்பட்டது. அவன் கணக்கு வேறு. மரைப்பல்லைக் கால் அரிசி கனத்துக்கு உள்ளே தள்ளி வெட்டினால் மரை மெலிந்து போகும். சபேதா என்கிற வெள்ளைப் பசையைப் பூசிச் சணல் சுற்றி முடுக்கிவிட்டால் எவன் கண்ணுக்கும் தெரியாது. பூமிக்குள் போய் ஆறு மாதத்தில் பூச்சு கரையும். மரை இடுக்கு வழியாக நைஸ் மணல் உள்ளே புகுந்து குழாயை அடைத்துவிடும். பிறகு எத்தனை எஞ்சின் வைத்து இழுத்தாலும் காற்றுத்தான் வரும். முதல் நாள் அப்படி நாலு வாய் வெட்டினான். நாலும் பார்க்க அழகாக இருந்தன. மரை வெட்டத் தொடங்கியதிலிருந்து அவன் தெரிந்து செய்த முதல் பிசகு அது.

மறுநாள் காலையில் வீரபாண்டி புளியமரத்தடிக்கு வந்தான். வெட்டி வைத்திருந்த குழாய்களில் ஒன்றின்மேல் உட்கார்ந்து, வெற்றிலை மடித்தான். ஒச்சாண்டியின் மகள் கொடிக்கால் வெற்றிலைதான். மாமனுக்கு என்று தினமும் ஒரு கவுளி கொடுத்தனுப்புவாள்.

"மச்சான், மரை வெட்டுனவன்தேன் கீழ நிக்கணும்னு பர்மாவுல ஒரு வழக்கம் இருந்துச்சுன்னு நீங்கதேன அன்னைக்குச் சாவடியில சொன்னீக?"

"சொன்னேன்."

"நல்ல வழக்கம். இங்கனயும் அப்படியே செய்வம். ஆனா ஒங்களுக்கு வயசாயிருச்சு, கையும் ஊனம். ஒங்களுக்குப் பதிலா சுருளிவேலு கீழ நிக்கட்டும். கேட்டேன், சரின்னுட்டான்."

ஒச்சாண்டியின் கை மரைக்கட்டையில் அப்படியே நின்றது. குழாய்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, மூங்கில் முக்காலியில் கப்பி கட்டி, கிணற்றுக்குள் இறக்குவது என்று ஏற்பாடு. கீழே நிற்பவன் அண்ணாந்து பார்த்து வாங்கித் துளைக்குள் விட வேண்டும். நடுவில் இருக்கும் மரை வழுக்கினால் பதினாறு அடி இரும்பு ஈட்டி மாதிரி அவன்மேல் இறங்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சோடியையும் கிணற்றடியிலேயே முந்தைய சோடியோடு முடுக்க வேண்டும். அப்போது தொங்குகிற பாரமெல்லாம் கிடுக்கியில் இருக்கும். கிடுக்கியில் சுருளிவேலின் விரல் இருக்கும்.

"நான் வெட்டல மாப்ள. வேற ஆளப் பாத்துக்க."

வீரபாண்டி சுண்ணாம்பு விரலைக் குழாயிலேயே துடைத்தான். "மதுரையில இருந்து ஒருத்தன் வாரேன்னுருக்கான். எண்ணெய்க் கெணத்தக் கண்ணுல பாத்திருக்க மாட்டான். எப்படி வெட்டுவானோ. சுருளிவேலு அவன் மரைக்குக் கீழயும் நிக்கத்தேன போறான்."

ஒச்சாண்டி மரைக்கட்டையைக் கீழே வைத்தான்.

"அய்யம்மாளப் பத்தி நீங்க வெசனப்படாதீக. ஏந் தங்கச்சி மக. ஒங்க கெணறு வத்துனா அவளும் அவ புருசனும் இங்கன வந்துருவாக. எஞ்சினு ஓட்டுறதே மாப்பிள்ளைதேன். ஒங்களுக்கு மட்டுந்தேன் மச்சான் தண்ணி கெடையாது."

அவன் எழுந்து போன பிறகும், அவன் உட்கார்ந்திருந்த குழாயில் சுண்ணாம்புக் கோடு வெள்ளையாகத் தெரிந்தது.

கீழே இறங்க வேண்டாம் என்று ஒச்சாண்டி சுருளிவேலிடம் சொல்லிப் பார்த்தான். அவனுக்கு எஞ்சின் ஆசை. தேனியில் பஞ்சு ஆலை எஞ்சின் ஒன்றை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. பூமிக்குள் இருக்கிற தண்ணீர் எல்லாருக்கும் பொது, எந்தக் கிணற்றில் இறைத்தால் என்ன என்றான். கீழே நிற்பதில் என்ன பயம், வெட்டுகிறவர் நீங்கள்தானே மாமா என்று சிரித்தான். பொய்க்குச் சிரித்ததாகத் தெரியவில்லை. அவனுக்கு மாமனார் மரைமேல் அவ்வளவு நம்பிக்கை.

நாலு வாயைப் பற்றி ஒச்சாண்டி அவனிடம் வாய் திறக்கவில்லை. மகளிடம் சொன்னான். சொல்லாமல் இருக்க அவனால் முடியாது. எந்தக் குழாய், எந்த வாய், எவ்வளவு கனம் குறைவு, எதற்காக என்று எல்லாவற்றையும் சொன்னான்.

அய்யம்மாள் கொடிக்காலில் அகத்தி நிழலில் குனிந்து கொடி கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. வாழைநாரைப் பல்லில் கடித்துக் கிழித்து, கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்டி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அம்மா கேட்டப்ப, அந்தக் கம்பவுண்டரு சொன்னத நம்புனீகளா, இல்ல அந்தத் தண்ணி ஒங்களுக்கு வேணும்னு இருந்துச்சா?"

இரண்டு வருஷமாக அவள் இதைக் கேட்டதில்லை. ஒச்சாண்டி யோசித்தான். நகத்தை மரையில் ஓட்டிப் பார்ப்பதுபோல் அந்த மத்தியானத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தான்.

"மொதல்ல நம்புனேன் ஆத்தா. பொழுது எறங்குனப்ப நம்பல. ஆனாலும் குடுக்கல."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. இதை எதிர்பார்த்தே இருந்தவள் போல இருந்தாள். பங்காளிகள் முன்னால் இரண்டாம் தடவை சொன்னபோதும் விடுபட்டுப்போன ஒரே சங்கதி இதுதான். கேட்டவர் யாரும் இல்லாததால் அவனும் சொல்லாமல் விட்டிருந்தான்.

"அந்த நாலு வாயையும் அறுத்துட்டு நல்லா வெட்டிக் குடுங்கய்யா. அவுக எனக்கு முழுசா மேல வரணும். கொடிக்கால் போகட்டும்."

"கெணறு போயிருமே ஆத்தா."

"போகட்டும். நாங்க மாமா வீட்டுக்குப் போயிருவோம். நீங்க இங்கனயே இருங்க." சொல்லிவிட்டு அடுத்த கொடிக்குக் குனிந்தாள்.

நாலு வாயையும் ரம்பத்தால் அறுத்தான். நாலு வளையம், ஒவ்வொன்றும் இரண்டு விரல்கடை அகலம், மரையோடு மண்ணில் விழுந்தன. மரைப்பல்லைச் சரியான அளவுக்குத் திருப்பி வைத்து மறுபடி வெட்டினான். பதினோரு நாள் வேலை. ஒரு வாய்க்கு முன்னெல்லாம் நூறு தடவை எண்ணெய் விட்டால், இப்போது நூற்றைம்பது. இரண்டு குழாயைச் சேர்க்கும் சாக்கெட் ஒவ்வொன்றையும் கையால் முடுக்கிப் பார்த்து, மூன்று மரை வெளியே தெரிகிற இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தான். அதற்குமேல் ரெஞ்சு போட்டு இரண்டு சுற்று. நிற்காததை அறுத்துத் தள்ளினான். கூலிக்கு வெட்டியபோதும் துரைக்கு வெட்டியபோதும் இப்படி வெட்டியதில்லை. வேலை ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்திருந்தது, அதுவே அவன் கிணற்றின் கழுத்தை நெரிப்பதற்கு ஆயிற்று. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் வீட்டுக்குப் போகும்போது தன் கிணற்றை எட்டிப் பார்த்துப் படி எண்ணுவான். யாரும் இறைக்காத நாளிலும் எண்ணுவான்.

வளையங்களை வீரபாண்டி எடுத்துக்கொண்டு போயிருந்தான் என்பது பன்னிரண்டாம் நாள்தான் தெரிந்தது.

அன்று குழாய்களைச் சோதிக்கச் சொன்னான். சோடி சோடியாகச் சேர்த்த குழாய்களைத் தென்னைகளில் சாத்திக் கட்டி, அடிவாயில் மரத்தக்கை அடித்து, வாய்வரைக்கும் தண்ணீர் ஊற்றினார்கள். மூட்டுகளின்மேல் அடுப்புச் சாம்பலைப் பூசினார்கள். துளி கசிந்தாலும் சாம்பல் கறுத்துவிடும். காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலம்வரை நின்றது. ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஆறு மூட்டிலும் சாம்பல் வெள்ளையாகவே இருந்தது.

வீரபாண்டி ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு மூட்டாகத் தடவி, விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டு வந்தான். கடைசித் தென்னை அடியில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்:

"ஒங்க கையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி வெளிய போகாதுன்னு எனக்குத் தெரியாதா மச்சான்."

கூட்டத்தில் இரண்டொருவர் சிரித்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அய்யம்மாளும் அங்கே நின்றிருந்தாள். அவள் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. வீரபாண்டி மடியிலிருந்து நாலு வளையத்தை எடுத்து ஒச்சாண்டியின் இடக்கை மூன்று விரலில் கோத்துவிட்டு, "இது ஒங்களோடது, வச்சுக்கங்க" என்றான். ஊர்க்காரர்களுக்கு அது என்னவென்று புரியவில்லை. ஒச்சாண்டி அதை அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொண்டான்.

மறுநாள் விடிந்து பனி விலகியதும் இறக்கினார்கள். கிணற்று வாயில் மூங்கில் முக்காலி, கப்பி, வடக்கயிறு. கயிற்றின் நுனியில் எட்டு ஆள். சுருளிவேல் கிடுக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். நான் இறங்குகிறேன் என்று ஒச்சாண்டி கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தான். வீரபாண்டி கயிற்றுக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினான்.

முதல் சோடி எழும்பி, ஆடி, கிணற்று வாய்க்குள் பாதி இறங்கி, மூட்டு கைக்கு எட்டும் உயரத்தில் வந்து நின்றது. அதன் ஆட்டத்தை ஒச்சாண்டி இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினான். மரையில் புதுச் சபேதா வெள்ளையாகப் பிதுங்கியிருந்தது. பெருவிரல் நகம், கேட்காமலே, மூட்டின் ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எங்கும் நிற்கவில்லை.

கயிற்றை விட்டார்கள். முப்பத்திரண்டு அடி இரும்பு அவன் உள்ளங்கைகளுக்கு நடுவே குளிர்ச்சியாக வழுகி இறங்கியது. மூட்டு கையைக் கடந்தது. மேல் வாயும் வந்தது. ஆழத்தில் சுருளிவேல் இரண்டு கையையும் தூக்கி அண்ணாந்து நிற்பது தெரிந்தது. அவன் காலடியில், துளையைச் சுற்றி, வட்டமாகக் கொஞ்சம் தண்ணீர் மின்னியது.

"வந்துருச்சு மாமா, பிடிச்சுட்டேன். விடுங்க."

ஒச்சாண்டி குழாயை விட்டான்.